‘எங்க காலத்துல யாரும் சாதி பார்த்ததில்ல’

போன மாதம் லீவுக்கு வந்திருந்த பேத்தி திண்ணையில் உட்கார்ந்து ஒரு ஆங்கில நாவல் படித்துக்கொண்டிருந்தாள். ஹார்ப்பர் லீ எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’. காலை நடை முடித்து வழக்கம்போல் காபிக்கு வந்த என் நண்பர்கள் இருவர் ‘என்ன புத்தகம்மா?’ என்று கேட்டார்கள். அவளும் பொறுமையாகக் கதையைச் சொன்னாள். கேட்டுவிட்டு ஒருவர், ‘அடப்பாவமே! அமெரிக்காக்காரன் எவ்வளவு கொடுமைக்காரனா இருந்திருக்கான் பாருங்க’ என்றார்.

பேத்தி என்னைப் பார்த்துக் கேட்டாள். ‘நீங்க சின்னப் பையனா இருந்தப்ப நம்ம ஊர்ல இந்த மாதிரி இருந்துச்சா தாத்தா?’

நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு நண்பர் முந்திக்கொண்டார். ‘எங்க காலத்துல யாரும் சாதி பார்த்ததில்லம்மா. எல்லாரும் மாமன் மச்சான் மாதிரி பழகினோம். எல்லாம் இந்த அரசியல்வாதிங்க வந்து கெடுத்தது.’ முதல் நண்பர் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலுக்குப் பிராயச்சித்தம்தான் இந்தப் பதிவு. நண்பர்கள் இருவரும் இதைப் படிப்பார்கள், கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை. காபி எப்போதும் உண்டு. ஆனால் அன்று சொன்ன வாக்கியம் பொய். அதைச் சொன்னவருக்கும் அது பொய் என்று தெரியும். தலையாட்டிய எனக்கும் தெரியும்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930களில் அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில் ஒரு சிற்றூர். ஸ்கவுட் என்ற சிறுமி கதை சொல்கிறாள். கதை தொடங்கும்போது அவளுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. அவளுடைய அண்ணன் ஜெம். அப்பா அட்டிகஸ் ஒரு வக்கீல். டாம் ராபின்சன் என்ற கறுப்பின இளைஞர்மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகப் பொய்க் குற்றச்சாட்டு வருகிறது. டாமின் இடது கை செயலற்றது. அந்தக் கையை வைத்துக்கொண்டு அப்படிச் செய்திருக்க முடியாது என்று அட்டிகஸ் கோர்ட்டில் எல்லோர் கண்முன்னும் காட்டிவிடுகிறார். இருந்தும் பன்னிரண்டு ஜூரிகளும் ‘குற்றவாளி’ என்கிறார்கள். பிறகு சிறையிலிருந்து தப்பிக்க முயன்றபோது டாம் சுட்டுக் கொல்லப்படுகிறார். 1960இல் வந்த நாவல். மறு வருடம் புலிட்சர் பரிசு. 1962இல் சினிமாவும் வந்தது.

இதை ‘ஒரு சிறுமி நல்லது கெட்டது கற்று வளர்கிற கதை’ என்று சொல்வார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்த முறை பேத்தியின் புத்தகத்தை வாங்கிப் படித்தபோது வேறு ஒரு இடம் என்னைப் பிடித்துக்கொண்டது.

விசாரணை நடக்கும்போது ஸ்கவுட்டின் சிநேகிதப் பையன் டில் தேம்பித் தேம்பி அழுகிறான். அரசு வக்கீல் டாமிடம் பேசுகிற ஏளனமான தோரணையை அவனால் தாங்க முடியவில்லை. வெளியே அழைத்து வந்தால், டால்பஸ் ரேமண்ட் என்று ஒருவர் அவனைத் தேற்றுகிறார். இன்னும் கொஞ்சம் வயதானால் இதற்கெல்லாம் இவனுக்கு அழுகை வராது என்ற பொருளில் அவனைப் பற்றிப் பேசுகிறார். அது ஆறுதல் இல்லை, எச்சரிக்கை. அந்த ஊரில் பெரியவனாவது என்றால் அழுகையை நிறுத்தக் கற்றுக்கொள்வது.

அங்கே புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நான் அழுகையை நிறுத்திய வருடம் எனக்குத் தெரியும். 1962. எனக்கு ஒன்பது வயது.

திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் வீட்டுப் படியாளின் மகன் என் வகுப்பில் படித்தான். பெயர் சொல்லமாட்டேன். அவனுடைய பேரப்பிள்ளைகள் இதே பக்கத்தில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் இணைபிரியாத கூட்டாளிகள். அவன் எனக்கு ‘டா’, நான் அவனுக்கு ‘டா’. புளியமரம் ஏறுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. காலணாவுக்குக் கமர்கட் வாங்கினால் சட்டைத் துணியில் வைத்துக் காக்காக்கடி கடித்துப் பாதி அவனுக்குக் கொடுப்பேன். நம் வயதுக்காரர்களுக்குக் காக்காக்கடியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. எச்சில் படாமல் பங்கு போடுகிற வித்தை.

ஒரு நாள் மல்லாட்டை பிடுங்குகிற சமயம். எல்லோரும் கொல்லைக்குப் போயிருந்தார்கள். அவன் ஏதோ சேதி சொல்லத் தெருவாசலுக்கு வராமல் பின்பக்கமாக வந்து, மாட்டுக்கொட்டாய் ஓரம் நின்று, ‘சாமி, தண்ணி குடுங்க’ என்றான். காலையில் ‘டா’ என்றவன் சாயங்காலம் ‘சாமி’ என்றான். பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கும் நடுவே அரை பர்லாங்கு இருந்தால் அதிகம். அந்தத் தூரத்தில் அவன் பேச்சை மாற்றிக்கொண்டு வந்திருந்தான்.

கொட்டாய் எறவாணத்தில் அவர்களுக்கென்று ஒரு கொட்டாங்குச்சி செருகியிருக்கும். அன்று அதைக் காணவில்லை. நான் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தேன். அம்மா எப்படிச் செய்வார்களோ அப்படியே, சொம்பை உயரத் தூக்கி, அவன் குவித்த கையில் ஊற்றினேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. பக்கத்தில் பெரியவர்கள் யாருமே இல்லை. சொம்பை அப்படியே அவன் கையில் கொடுத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நான் கொடுக்கவில்லை. அவன் குனிந்து, முழங்கை வழியாகத் தண்ணீர் வழிய வழியக் குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனான்.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. பெரியவர்கள் செய்கிற வேலையை நானும் சரியாகச் செய்துவிட்டேன் என்று. சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா தலையைத் தடவிக்கொடுத்தார்கள்.

நான் ‘பெரியவன்’ ஆனது அப்படித்தான். நண்பர்களே, நம்மில் பெரும்பாலோர் ஆனதும் அப்படித்தான்.

பாமாவின் ‘கருக்கு’ வாசித்தவர்களுக்கு வடைப் பொட்டலம் நினைவிருக்கும். 1992இல் வந்த தன்வரலாறு அது. விருதுநகர் மாவட்டத்துக் கிராமம். மூன்றாம் வகுப்புப் படிக்கிற சிறுமி பள்ளிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வருகிறாள். அவள் தெருப் பெரியவர் ஒருவர் கடையிலிருந்து ஒரு பொட்டலத்தை, கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கி வந்து, நிலக்காரரிடம் பணிவாகக் குனிந்து கொடுக்கிறார். அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நாம் தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படித் தூக்கிப் போகிறார் என்று விளக்குகிறார். அதோடு அந்தக் குழந்தையின் சிரிப்பு நின்றுவிடுகிறது. கோபம் தொடங்குகிறது.

ஒரு புத்தகத்தில், கோர்ட் மாடியில் கறுப்பினத்தவரோடு உட்கார்ந்து அநியாயத்தைப் பார்த்த வெள்ளைக்காரக் குழந்தை. இன்னொன்றில், பொட்டலத்தைத் தூக்கியவர் தெருவில் பிறந்த குழந்தை. இரண்டு பேரும் பார்த்ததை எழுதிவிட்டார்கள். மூன்றாவதாக ஒரு குழந்தை இருக்கிறது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டவர் வீட்டுக் குழந்தை. வடையில் ஒன்று அதன் கைக்கும் வந்திருக்கும். அந்தக் குழந்தை வளர்ந்து, படித்து, உத்தியோகம் பார்த்து, ஓய்வுபெற்று, இப்போது நினைவுக் குறிப்புகள் எழுதிக்கொண்டிருக்கிறது. அதன் புத்தகத்தில் திண்ணை வருகிறது, கவலை ஏற்றம் வருகிறது, கார்த்திகை தீபம் வருகிறது, அம்மா கைப்பக்குவம் வருகிறது. எறவாணத்துக் கொட்டாங்குச்சி மட்டும் வருவதில்லை. நானும் இதே பக்கத்தில் எத்தனையோ பதிவுகள் எழுதிவிட்டேன். எங்கள் மாட்டுக்கொட்டாயைப் பற்றியே தனியாக ஒன்று எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு மாட்டின் பெயரும் அதில் இருக்கிறது. கொட்டாங்குச்சி இல்லை.

இனி எதிர்வாதங்கள். நண்பர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்கு அத்துப்படி.

‘அப்போ அதுதான் சார் வழக்கம். காலம் அப்படி. யாருக்கு என்ன தெரியும்?’

தெரியும். தீண்டாமையை ஒழித்ததாகச் சொல்லும் அரசியல் சட்டப் பிரிவு 17 நடைமுறைக்கு வந்தது 1950இல். தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955இல். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் அதற்கும் முன்பே, 1947இல். நான் சொம்பைத் தூக்கிய நாளில் அது நாட்டின் சட்டப்படி குற்றமாகி ஏழு வருடம் ஆகியிருந்தது. எங்கள் தெருவில் தினமும் பேப்பர் வாங்கி, திண்ணையில் சத்தமாகப் படித்து, நேரு என்ன சொன்னார், காமராஜர் என்ன சொன்னார் என்று அலசியவர்கள் இருந்தார்கள். இதைப் படித்தபோது மட்டும் கண் தெரியவில்லையா?

‘ஆனா நாங்க அன்பாத்தான் நடத்தினோம். கல்யாணம், சாவுன்னா நெல்லு குடுத்தோம், துணி குடுத்தோம்.’

உண்மை. என் அப்பாவும் கொடுத்தார். படியாள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கேட்டதற்குமேல் கொடுத்தவர். நல்ல மனிதர். அவர் வீட்டுக்குள் அந்தப் படியாள் ஒரு நாளும் நுழைந்ததில்லை. இரண்டும் ஒரே மனிதர் செய்ததுதான். 2015இல் ஹார்ப்பர் லீயின் இன்னொரு நாவல் ‘கோ செட் எ வாட்ச்மேன்’ வெளிவந்தது. அதில் வளர்ந்துவிட்ட மகள், தன் அப்பா அட்டிகஸ் நிறவெறியர்களின் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நொறுங்கிப்போகிறாள். ‘அட்டிகஸா இப்படி!’ என்று வாசகர்கள் பலரும் அதிர்ந்தார்கள். எனக்கு அதிர்ச்சி ஏற்படவில்லை. நல்ல மனிதர் ஒருவர் எவ்வளவு வசதியாக அநியாயத்துக்குள் குடியிருக்க முடியும் என்பதை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவன் நான். நெல் கொடுப்பது தர்மம். சொம்பைக் கையில் கொடுப்பது மரியாதை. முதலாவதைக் காட்டி இரண்டாவதன் கணக்கைத் தீர்க்க முடியாது.

‘அமெரிக்கால மாதிரி நம்ம ஊர்ல கோர்ட்டு, கொலைன்னெல்லாம் நடந்ததா?’

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளுமே பெரும்பாலும், ஒரே குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். கீழ்க் கோர்ட்டு நிலக்காரர்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அவ்வளவு நிலமும் காரும் உள்ள கனவான்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம் என்று தீர்ப்பில் காரணம் சொல்லப்பட்டது. அப்போது எனக்கு இருபது வயது. கல்லூரியில் வியட்நாம் பற்றி ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

இந்த நாவலைப் படிக்கும் எல்லோருமே தன்னை அட்டிகஸாகத்தான் நினைத்துக்கொள்கிறோம். ‘நானாக இருந்தாலும் அந்த டாமுக்காக வாதாடியிருப்பேன்’ என்று. அட்டிகஸ் ஊருக்கு ஒருவர். ஜூரி பன்னிரண்டு பேர். அவர்கள் ராட்சதர்கள் இல்லை. குடியானவர்கள், குடும்பஸ்தர்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள். நானும் என் நண்பர்களும் பிரதோஷம் தவறுவதில்லை. நம் இடம் எது என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

‘சரி, அது பழங்கதை. இப்போ இல்லையே. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கான பேர் கிரிவலம் போறோம். பக்கத்துல நடக்கிறவன் என்ன சாதின்னு யார் கேக்கறாங்க?’

14 கிலோமீட்டர் நடக்கும்போது யாரும் கேட்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். நடந்து முடித்து வீட்டுக்கு வந்து, மாடிப் போர்ஷனுக்குக் குடித்தனக்காரர் வந்தால் என்ன கேட்கிறோம்? ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று நேராகவோ, ‘சொந்த ஊர் எது, ஊர்ல எந்தத் தெரு?’ என்று சுற்றி வளைத்தோ கேட்பதில்லையா? மலையைச் சுற்றுவதில் நமக்கு நல்ல பழக்கம். கேள்வியையும் அப்படியே சுற்றுகிறோம்.

நம் மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் முதன்முறையாகப் போனது எந்த ஆண்டு? 1947 இல்லை. 2023 ஜனவரி 30. சுமார் 80 ஆண்டுகளாக அவர்களை விடவில்லை. அது அறநிலையத் துறைக் கோயில். கலெக்டர் முன்னால் நிற்க, போலீஸ் காவலோடு போய்த்தான் அம்மனைக் கும்பிட முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலிலும் போலீஸ் பாதுகாப்போடுதான் நுழைந்தார்கள். செல்போனில் அந்தப் படங்களைப் பார்த்தேன். தட்டில் தேங்காய் பழத்தோடு வயதான அம்மாக்கள். என் வயது இருக்கும். ‘எங்க காலத்துல யாரும் சாதி பார்த்ததில்ல’ என்று அவர்கள் முன்னால் போய் யாராவது சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று சொல்வார்கள். ‘இந்தக் காலத்துப் பசங்கதான் கையில சாதிக் கயிறு கட்டிக்கிட்டுத் திரியறானுங்க. நாங்க அப்படியா?’

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவரை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் நீதியரசர் சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யச் சொல்லியிருந்தார். நியாயம். ஆனால் அந்தக் கயிற்றைத் திரித்தது யார்? பையன்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. நம் பேரன்கள் அவர்கள். நம் காலத்தில் கயிறு தேவைப்படவில்லை, அவ்வளவுதான். யார் எங்கே நிற்க வேண்டும் என்று ஒன்பது வயதிலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இப்போது எதிராளி நிமிர்ந்து நிற்கிறான், ஒரே பெஞ்சில் உட்கார்கிறான், மார்க் அதிகமாக வாங்குகிறான். அதனால் கயிறு வேண்டியிருக்கிறது. ‘நாங்கள் சாதியே பார்த்ததில்லை’ என்று தாத்தா சொன்னால் பேரன் என்ன புரிந்துகொள்வான்? எல்லாம் ஒழுங்காக இருந்தது, ‘அவங்க’ படித்து மேலே வந்ததும்தான் பிரச்சினை என்றுதானே? நாம் சொல்லும் பொய் வீணாவதில்லை. அதை அவன் கையில் கட்டிக்கொள்கிறான்.

அந்தக் கூட்டாளியின் கதையை முடித்துவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு அவன் நின்றான். எங்கள் வீட்டிலேயே மாடு மேய்த்தான். நான் படித்து ஆசிரியரானேன். முப்பது வயதிருக்கும்போது திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். கக்கத்தில் துண்டை இடுக்கிக்கொண்டு ‘நல்லா இருக்கீங்களா சாமி?’ என்றான். ‘டேய், என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுடா’ என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, படிப்பு இருந்தது, சம்பளம் இருந்தது. பக்கத்தில் இரண்டு சக ஆசிரியர்கள் நின்றிருந்தார்கள். ‘நல்லா இருக்கேன்பா’ என்று மட்டும் சொன்னேன். ஒன்பது வயதில் செய்ததற்காவது வயதைக் காரணம் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது? அவன் இப்போது இல்லை. மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை.

என் சாதி என்ன என்று இந்தப் பதிவில் சொல்லவில்லை. சொன்னால் மற்ற சாதிக்காரர்கள் ‘நல்லவேளை, நாம இல்லை’ என்று நிம்மதி அடைந்துவிடுவார்கள். எறவாணத்தில் கொட்டாங்குச்சி வைத்திருந்த வீடுகள் ஒரே ஒரு சாதி வீடுகள் இல்லை.

இதைப் படிக்கும் நீங்கள் அநேகமாக என் வயதுக்காரர்கள். பலர் உங்கள் நினைவுகளை எழுதுகிறீர்கள். பேரப்பிள்ளைகளுக்காக எழுதுகிறோம் என்கிறீர்கள். அப்படியானால் விட்டுப்போன அந்தப் பக்கத்தையும் எழுதுங்கள். உங்கள் வீட்டில் அது கொட்டாங்குச்சியா, தனி டம்ளரா, திண்ணைக்குக் கீழே நிற்கச் சொன்னதா? கடைசியாக எப்போது செய்தீர்கள்? எழுத முடியாவிட்டால் வீட்டில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால், தயவுசெய்து அந்தப் பொய்யையாவது சொல்லாதீர்கள்.

நேற்று ராத்திரி பேத்திக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டாங்குச்சி, சொம்பு, பஸ் ஸ்டாண்ட். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, ‘அவர் பேர் என்ன தாத்தா?’ என்று கேட்டாள்.

சொன்னேன். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட மாதிரியே சொன்னேன்.